‘பெரும்பாலும்’ என்று சொன்ன பல் மருத்துவர்

மேடையில் இருப்பவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே, இந்த இரங்கல் கூட்டத்தில் முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கொலை வழக்கு ஒன்றில் ஆற்றோரம் கிடைத்த கீழ்த்தாடை ஒரு பெண்ணுடையது. மரபணு ஆய்வகத்தின் இயக்குநர் இன்று காலை என்னிடம் இதை உறுதிசெய்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மகள் அவள். அந்த அம்மாவுக்கு ஆய்வகமே முதலில் சொல்லிவிட்டது.

எனக்கு முன்னால் பேசியவர், நம் பல் மருத்துவப் பேராசிரியர் தவறே செய்யாதவர் என்றார். செய்தார், ஐயா! ஒரே ஒரு தவறு. அதைச் செய்ய வைத்தவர்கள் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பெரும்பாலும்’. கேன்டீனில், “டீயா சார்?” என்று கேட்டால்கூட, “பெரும்பாலும்” என்பார். கோரைப்பல்லின் அகலத்தையும் தாடையின் உயரத்தையும் அளந்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஆண்களுக்கு இந்த அளவுகள் பொதுவாகக் கூடுதல். பொதுவாக, அவ்வளவுதான். பெரிய தாடையுள்ள பெண் இல்லையா? சிறிய பல்லுள்ள ஆண் இல்லையா? அந்த இடைவெளிக்காகவே அவர் அந்தச் சொல்லை வைத்திருந்தார்.

அந்தத் தாடையை அவர் அளந்த அன்று ஆய்வறை வாசலில் நான் நின்றிருந்தேன். “பெரும்பாலும் ஆண்,” என்றார்.

“பெரும்பாலும்னு சொன்னா கோர்ட்டுல சிரிப்பாங்க. ஜோசியமா பாக்குறீங்க? ஆணா, பெண்ணா?” இது நம் துறைத்தலைவர். ஏன் ஐயா, தலையைக் குனிகிறீர்கள்? உங்கள் குரல்தானே!

பேராசிரியர் அளவெடுக்கும் காலிப்பரை மேசையில் வைத்தார். “ஆண்,” என்றார்.

மறுநாள், மகளைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மா வந்தார். “எம்பொண்ணுக்கு அவங்கப்பா தாடைங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. ஒரு தடவை காட்டுங்களேன்.”

“ஆம்பளை தாடைம்மா இது. வீட்டுக்குப் போங்க. பொண்ணு தானா வந்துடுவா.” இதுவும் அதே குரல்.

மகள் வருவாள் என்று அந்த அம்மா கதவைத் தாழிடாமல் படுத்தார். காவல்துறை காணாமல் போன ஓர் ஆணைத் தேடியது. அவளைக் கொன்றவன் இன்னும் வெளியில் நடமாடுகிறான்.

அம்மா சொன்னதைப் பேராசிரியரிடம் நான் போய்ச் சொன்னேன். “அப்பா தாடையா?” என்று மட்டும் கேட்டார். அன்றே மரபணு சோதனை வேண்டும் என்று தலைவர் அறைக்குப் போனார். “உங்க வாயால சொன்னதை நீங்களே மாத்துவீங்களா? வெக்கமா இல்ல?” என்றார்கள். “சொன்னதுக்குத்தான் வெக்கமா இருக்கு,” என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அலைந்தார். சோதனைக்கு அனுமதி வாங்கினார். முடிவு வரும்போது அவர் இல்லை.

அவர் பெயரில் விருது வைக்கப் போகிறீர்களாமே? வேண்டாம். அவர் அளந்து சொன்ன முடிவுகளில் எங்கெல்லாம் அந்தச் சொல்லை வெட்டினீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் தேடி எழுதுவேன். அவர் விட்டுப்போன வேலை அதுதான்.

தாடை இன்னும் அம்மாவின் கைக்கு வரவில்லை. திருத்திய அறிக்கையில் துறைத்தலைவர் கையெழுத்திட வேண்டும். எப்போது என்று இந்த மண்டப வாசலில் அவரிடமே கேட்டேன்.

“பெரும்பாலும் வியாழக்கிழமை,” என்றார்.