கடைசி ரீல் தொலையவில்லை

ஹலோ... ஆமா, ஆமா, பூட்டுக்காரர் மகள்தான் பேசறேன். காலையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டது நான்தான்... பாராட்டவா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க தம்பி.

நீங்க சீர்பண்ணி அனுப்பின பழைய படத்தோட பிரதியைப் பார்த்தேன்... முழுசாத்தான் பார்த்தேன். எங்கப்பா கையில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறதோட படத்தை முடிச்சிருக்கீங்க. அதுக்கு மேல திரையில ஒரு எழுத்து அட்டை வேற, 'திருடன் அகப்பட்டான்'னு! யாரு எழுதினது?... பழைய எழுத்து அழிஞ்சு போச்சுன்னா உங்க இஷ்டத்துக்கு எழுதிடறதா?

ம்... ம்... இருங்க, குறுக்க பேசாதீங்க. நகைக்கடை இரும்புப் பெட்டியைத் திறந்தது கடை மேனேஜர். பூட்டைச் செஞ்சவர்ங்கற ஒரே பாவத்துக்கு எங்கப்பாவை அள்ளிட்டுப் போனாங்க. நாலு மாசம் உள்ள. அப்புறம் மேனேஜர் ஒத்துக்கிட்டான், கோர்ட்டு அப்பாவை விட்டுடுச்சு. அதைத்தான் படமா எடுத்தாங்க, அவரையே நடிக்க வச்சு...

என்னது, தொலைஞ்சு போச்சா? கடைசி ரீல் தொலையவே இல்ல தம்பி! மேனேஜர் அழறான், அப்பா வெளியில வர்றாரு, எல்லாம் இருக்கு. நீங்கதான் அதை நடுவுல ஒட்டி வச்சிருக்கீங்க... நிபுணர்களா? எத்தனை பேரு?... அஞ்சு பேரா! பத்துக் கண்ணு இருந்தும் தெரியலையா? ஜெயில்லேர்ந்து வெளியில வரும்போது முகம் நிறைய தாடி. அதுக்கப்புறம் மழுமழுன்னு வந்து கைதாகறாரு!

ஒட்டுத் தாடியா? வார்த்தையை அளந்து பேசுங்க. ஒட்டு வேணாம்னு படத்துக்காக நாலு மாசம் நிஜமாவே வளர்த்தாரு. எங்கம்மா அவரைக் கிட்டயே அண்ட விடலையாம்...

சிரிக்காதீங்க. இன்னிக்கு ஆறு மணிக்குத்தானே போடறீங்க? இப்ப மணி பதினொண்ணு. பிரிச்சு மாத்தி ஒட்டுங்க... முடியாதா?... வருத்தம் தெரிவிச்சு ஒரு வரியா? கோர்ட்டு விட்ட மனுஷனை நீங்க மறுபடி உள்ள தள்ளுவீங்க, நான் ஒரு வரியை வாங்கிட்டு வாயை மூடிக்கணுமா?

சரி. முன் வரிசையில எனக்கு நாற்காலி போட்டிருக்கீங்கல்ல, அதை எடுத்துடுங்க. நான் திரைக்குப் பக்கத்துல நிப்பேன்... எதுக்கா? உங்க அட்டை வந்ததும் நான் பேச ஆரம்பிப்பேன். ஊமைப் படம்தானே, யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

...என்ன சொன்னீங்க? போலீசா?... தாராளமாக் கூப்பிடுங்க. செய்யாத குத்தத்துக்கு ஸ்டேஷன் போறது எங்க குடும்பத்துக்குப் புதுசு இல்ல. வச்சுடறேன்.