கிடைப்பொட்டலின் கிழக்குப் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை தனிஸ்லாஸ் அவர்களே, தாயை இழந்து நிற்கும் தங்கை பெர்சி அவர்களே, டீச்சரிடம் புவியியல் படித்து இன்று கே.கே. நகர் முழுக்கப் பரவியிருக்கும் மாணவிகளே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் என் ஆவாரம்பட்டி உறவுகளே, இடப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓடைக்கரை ஊராரே! மேய்ச்சல் நிலப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் முத்துக்குமரன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நல்லாசிரியர் பிலோமினாள் அம்மையாரைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எங்களைக் காப்பாற்றியவர் என்று பேசுவதா? கைவிட்டவர் என்று பேசுவதா? உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை!

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலூர் தாண்டி, எங்கள் ஊருக்கும் ஓடைக்கரைக்கும் நடுவே கிடைப்பொட்டல் என்றொரு நிலம் இருக்கிறது. ஆடு மாடு மேய்வது அங்கே. கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்பது அங்கே. ஆனால் அரசாங்கக் கணக்கில் அது வெறும் தரிசு. தரிசு என்றால் யாருக்கும் வேண்டாத நிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிடங்கு கட்டுவதற்காக அதைக் கேட்டு மனு போனபோதுதான் நாங்கள் விழித்தோம். அப்போது எங்கள் ஊருக்கு வந்தவர் யார்? ஓய்வுபெற்று வீட்டில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய பிலோமினாள் டீச்சர்!

"நம்ம நிலம்னு எல்லாரும் சொல்றீங்க. எங்கிருந்து எதுவரைக்கும்னு காட்டுங்க தம்பி" என்றார். எங்களுக்குக் காட்டத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கைநீட்டினோம். ஸ்கூட்டியை வேலமரத்தடியில் நிறுத்திவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆட்டுக்காரர்கள் பின்னாலேயே அவர் நடந்தார். எந்த மாதம் எங்கே புல், எங்கே தண்ணீர், செத்த மாட்டை எங்கே புதைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வரைபடத்தில் குறித்தார்.

எங்கள் ஊர்ப் பெரியவர் விருமாண்டி அண்ணன் அவரை மறித்துக் கேட்டார்: "டீச்சரம்மா, சர்ச்சுக்குப் போறவுக நீங்க. நாங்க கருப்புக்கு எங்கன பொங்க வச்சா உங்களுக்கு என்ன?"

"கும்பிட வரலண்ணே. உங்க சாமி எந்த இடத்துல நிக்கிறாருன்னு தெரியாம எல்லை எப்படிப் போடுறது?"

அண்ணன் சிரித்துவிட்டார். அதன்பின் அவர்தான் டீச்சருக்கு முன்னால் முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தார்.

அப்படிப்பட்ட டீச்சர்தான் போன மாதம் அந்தக் கிடங்கு மனு மீது நடந்த விசாரணையில் எங்கள் சாட்சியாக எழுந்து நின்றார். அதிகாரி கேட்டார்: "இந்தப் பொட்டல் முழுசும் ஆவாரம்பட்டியோட பொது நிலம். சரிதானே?"

"இல்ல சார்" என்றார் டீச்சர். "ஓடைக்குக் கிழக்கால இருக்கிறதுல ஓடைக்கரைக்கும் உரிமை உண்டு. மழைக்காலம் பூரா அவங்க ஆடும் அங்கதான் மேயுது."

எங்கள் சாட்சி எங்களுக்கு எதிராகவா பேசுகிறார்?

நிலத்தை யாரும் தொடக் கூடாது, இரண்டு ஊரும் சேர்ந்து நின்று எல்லை காட்ட வேண்டும் என்று உத்தரவானது. கிடங்குத் திட்டம் நின்றது. சந்தோஷப்படுவதா? கிழக்குப் பக்கம் எங்களுக்கு மட்டுமே என்று இனிமேல் சொல்ல முடியாது. அழுவதா?

வெளியே வந்ததும் விருமாண்டி அண்ணன் வெடித்தார். "டீச்சர், நீங்க யாரு பக்கம்?"

"நான் பார்த்ததச் சொன்னேண்ணே."

"பார்த்ததையெல்லாம் சொல்லியே ஆகணுமா?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார் டீச்சர்.

அண்ணன் போய்விட்டார். டீச்சரை நான்தான் பேருந்து ஏற்றிவிட்டேன். "நான் செஞ்சது சரியா தம்பி?" என்று கேட்டார். "தெரியல டீச்சர்" என்றேன். அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். இன்று அதே கேள்வியைக் கேட்டாலும் எனக்கு அதே பதில்தான்.

சரி, ஓடைக்கரைக்காரர்களாவது மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று நினைத்தேன். சற்றுமுன் வாசலில் ஒச்சாயி அக்காவைப் பார்த்தேன். அந்த ஊரின் ஆடுகளை ஓட்டிப் போகிறவர்; மழைக்காலத்தில் டீச்சர் அவர் பின்னாலும் நடந்து குறித்திருக்கிறார். மாலையை வைத்துவிட்டு அழுதுகொண்டே சொன்னார்: "எங்க டீச்சரு, எம்புட்டு நம்பியிருந்தோம்! கெழக்கு மொத்தமும் எங்களுக்குன்னு சொல்லுவாகன்னு பார்த்தா, உங்களுக்கும் பங்கு இருக்குன்னு சொல்லிட்டாகளே!"

அவர்களுக்கும் வருத்தமாம்! எங்களுக்கும் வருத்தம். இரண்டு ஊரும் கோபித்துக்கொண்ட ஒருவருக்காக இரண்டு ஊரும் சொல்லிவைத்தாற்போல் கூடி அழுகிறோமே, இது என்ன கணக்கு? உங்களில் யாருக்காவது புரிகிறதா? தந்தையே, உங்களுக்குப் புரிகிறதா?

பெரியோர்களே! விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது இரங்கல் கூட்டத்தின் மரபு. எந்தப் பணியை? எங்கள் நிலம் என்று நிறுவும் பணியையா? யாருக்கெல்லாம் உரிமை என்று கண்டறியும் பணியையா? இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி நாங்கள் தொடங்கினோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆனால் வரும் திங்கட்கிழமை அளவைக்காரர்கள் வருகிறார்கள். அன்று இரண்டு ஊரும் பொட்டலில் நிற்காவிட்டால் அது மறுபடியும் தரிசுதான். இது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே இந்த அவையில் கேட்டுவிடுகிறேன். ஒச்சாயி அக்கா, திங்கட்கிழமை வந்து உங்கள் ஆடு மேயும் இடத்தை நீங்களே காட்ட வேண்டும். தலையாட்டுகிறார். நன்றி அக்கா. விருமாண்டி அண்ணே, மேற்கிலிருந்து நீங்கள் நடந்து வர வேண்டும். ஓடையில் அவர்களைச் சந்திக்க வேண்டும். அங்கே சண்டை வருமா, சமாதானம் வருமா, நான் அறியேன். வருவீர்களா?

அண்ணன் சொன்னது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "வாரேன். ஆனா ஒத்துக்கிட்டேன்னு எழுதிப்புடாதே" என்கிறார்.

எழுதமாட்டேன் அண்ணே. வருகிறீர்கள் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.