கூலன்ட் தொட்டிக்குள் ஒரு செம்புத் தீர்த்தம்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் முகாமையாளர் நாகேந்திரம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியவர்களே, மாலைச் சமையலை ஒதுக்கிவைத்து வெள்ளவத்தை வரை வந்திருக்கும் தாய்மாரே, சாலையையே வாழ்வாகக் கொண்ட சாரதிகளே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஒருகொடவத்தையிலுள்ள எங்கள் பட்டறையின் பொறுப்பாளர் இமெல்டாவைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். எதற்காக? குழாய்க்குள் ஓடும் கூலன்டுக்காக.

மின்சார லொறியில் எஞ்சின் இல்லை. சூடும் இல்லையா? உண்டு. மலை ஏறினால் பெட்டரி சுடும். அந்தச் சூட்டைச் சுமந்து செல்வது கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம். டீசல் லொறியில் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகியவர்கள் நாம். இங்கே அது ஆகாது. அந்தத் தண்ணீரின் உப்பு உலோகத்தை அரிக்கும், மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, தொட்டி மூடியைத் திறக்கும் சாரதிக்கு வேலை இல்லை என்று ஐயா பட்டறைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார். ஐயா சிரிக்கிறார், ஒட்டியது உண்மைதான்.

எங்கள் சாரதி கிருஷ்ணராஜ் அண்ணன், புது லொறிக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை வைத்தார். சந்தனம் பூசினார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். பழைய லொறிகளுக்குச் செய்த வழக்கப்படியே தீர்த்தத்தையும் கூலன்ட் தொட்டிக்குள் ஊற்றிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பதுளைக்குப் புறப்பட வேண்டும். பேசாமல் போயிருக்கலாம். போனாரா? பட்டறைக்கு வந்தார்.

“மிஸ், தீர்த்தம் ஊத்திட்டேன்.”

“எங்க?”

“உள்ளுக்கு. கோயில் தண்ணிங்க, சுத்தமானது. ஒரு செம்புதான்.”

“அது சாமிக்கு விளங்கும் அண்ணே, பெட்டரிக்கு விளங்காது.”

இமெல்டா மின்னிணைப்பைத் துண்டித்தார். ஆறவிட்டார். முழுவதையும் வடித்தார், கழுவினார், உரிய கூலன்டை நிரப்பினார், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் ஓயும்வரை பம்பை ஓடவிட்டார், மூட்டு மூட்டாகக் கசிவு தேடினார். பதுளைச் சுமை வேறு லொறியில் போயிற்று.

செய்தி அறிந்த ஐயா, “கிருஷ்ணராஜ், நாளைக்கு வர வேண்டாம்” என்றார். அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

இமெல்டா துணியில் கை துடைத்தபடி சொன்னார்: “ஐயா, இவர் வந்து சொன்னபடியாத்தான் பெட்டரி தப்பினது. இவரை நிப்பாட்டினீங்க எண்டா, அடுத்ததா ஊத்துறவர் வாய் திறக்க மாட்டார். பிறகு நான் எதைத் திருத்துறது?”

ஐயா நேரே சுவருக்குப் போனார். அந்த அறிவித்தலைத் தம் கையாலேயே கிழித்தார். ஓம், தட்டுங்கள், அந்தக் கைதட்டல் ஐயாவுக்கும் சேரட்டும்.

கசிவு சிறிதாய் இருக்கையில் தெரியவந்தால் திருத்தலாம். தவறும் அப்படித்தானே? தவறிய மனிதர் தயங்காமல் வந்து சொல்லும் இடமாக ஒரு பட்டறையை வைத்திருப்பது எளிதா? எத்தனை அலுவலகங்களில் அது உண்டு? எத்தனை வீடுகளில் உண்டு?

நாளை காலை கிருஷ்ணராஜ் அண்ணன் அதே லொறியை மலைநாட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அவருக்கு நல்ல பயணமும், இமெல்டாவுக்கு எங்கள் நன்றியும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் வணக்கமும் உரித்தாகட்டும்.