பெயர் வரும் இடத்தில்

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வரும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் தன் மகனின் பிறந்தநாள் சாப்பாட்டைச் செமினியில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்.

“அந்த ஹோம் வேணாம் லா,” என்றார் மூத்தவர். “என்னைப் பாத்ததும் பிள்ளைங்க ஹேப்பி பர்த்டே பாடுதுங்க.”

“பாடுனா நல்லதுதானே அக்கா?”

“அன்னிக்கு யாருக்கும் பர்த்டே இல்ல. நான் சொல்லாம கொள்ளாம போனேன், கையில அரிசி மூட்டைதான். காரைப் பாத்ததும் வரிசையா நின்னு கை தட்டிப் பாடுதுங்க. பேரு வர்ற இடத்துல நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாக்குதுங்க. நான் எவன் பேரைச் சொல்றது?”

“ரிஜிஸ்டர் பண்ண ஹோம்தான் அக்கா, நானே செக் பண்ணேன். ஃபேஸ்புக்ல படமெல்லாம் அழகா இருக்கு.”

“படத்துக்குத்தான் வளக்குறான்! ஒரு பொண்ணுகிட்ட உன் பர்த்டே எப்பம்மான்னு கேட்டேன், முழிக்குது. ஹோமைப் பாத்துக்கிறவன்கிட்ட கேட்டா, ‘ஃபைல்ல இருக்கும் ஆன்டி, யாரு பாத்தா’ங்கிறான். வாரம் தவறாம கேக் வெட்டுற வீட்டுல ஒரு பிள்ளைக்கும் பர்த்டே கிடையாது!”

என் பக்கத்தில் இருந்த பயணி செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். மூத்தவர் குரலைத் தாழ்த்தவில்லை.

“அப்ப சாப்பாட்ட கேன்சல் பண்ணவா? ஞாயித்துக்கிழம அதுங்க என்ன சாப்பிடும்?”

“சாப்பாட்டக் கொடு. கேள்வியும் கேளு.”

இளையவர் போனை எடுத்தார்.

“ஹலோ, ஞாயித்துக்கிழம பர்த்டே சாப்பாடு சொல்லியிருக்கேன்ல, அந்த அம்மாதான் பேசறேன். பொறந்த நாள் லிஸ்ட் ஒண்ணு வேணும். இல்ல, என் மகனோடது இல்ல, உங்க பிள்ளைங்களோடது.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“இதுல என்ன சார் சிரிப்பு?”