நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

ஹலோ... ஹலோ, கேக்குதா அத்தை? ...இருங்க, படிக்கட்டுக்கு வந்துடறேன். உள்ள சத்தம்... ம், இப்ப சொல்லுங்க.

...சாப்பிட்டேன். ...பாப்பாவும் சாப்பிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனா.

...அன்னிக்குக் காலையிலயா? ...ஆமாம், குடிச்சார். டீ முழுசும் குடிச்சார். டம்ளரை அவரே கழுவிக் கவுத்து வச்சார். ...அந்த நீலச் சட்டைதான். கைப் பட்டன் ஒண்ணு லூசா இருந்துது. கழட்டிக் கொடுங்க, தச்சுத் தரேன்னேன். வந்து தரேன்னார்.

...ஆமாம், ஆமாம். தபால் வந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்னு சாவியை எடுத்தார். நான் போறேனேன்னு சொன்னேன். உனக்கு அந்தச் சாவி வசப்படாது, உடைச்சிட்டு வந்து நிப்பேன்னு சிரிச்சார். ...அவ்வளவுதான் அத்தை. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

...கோவமெல்லாம் இல்ல. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க. நீங்க கேக்காம வேற யார் கேப்பாங்க.

...என்ன சாவியா? ...அது... தபால் சாவி. ...இங்கெல்லாம் தபாலுக்குப் பூட்டு இருக்கும் அத்தை. ...ம். வாசல்லதான். ...ஆமாம்.

...தெரியும். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கீங்கன்னு உங்க மூத்தவர் சொன்னார். எங்க போனாலும் என் பிள்ளை சொந்த வாசல்லதான் கண்ணை மூடினான்னு... ம்... அழாதீங்க.

...எங்கேர்ந்து பேசறீங்க? பின்னால ஒரே வண்டிச் சத்தமா இருக்கு. ...கூரியர் ஆபீஸா?

...ம்... தெரியும். ...தெரியும் அத்தை. கவர் திரும்பி வரும்னு முந்தாநாளே தெரியும். ...உங்களைக் கூப்பிடலாம்னு நாலு தடவை நம்பரை எடுத்தேன். கை வரல.

...இல்ல, வீடு மாறல. ...தபால்காரர் வந்து தட்டினாரான்னா... அது... அப்புறம் சொல்றேன். முதல்ல இதைக் கேளுங்க. அந்தக் கவருக்குள்ள பத்திரம் பத்திரமா இருக்கா? ...பிரிச்சுப் பாத்தீங்களா? ...கல்யாணப் பதிவு, மூலப் பிரதி, கீழ பதிவாளர் கையெழுத்து... அதேதான், அவர் இருந்தப்போ உங்ககிட்ட அனுப்பச் சொல்லிக் கேட்டது. அது வர்ற இருபத்திரண்டாம் தேதிக்குள்ள குடியேற்ற ஆபீஸுக்குப் போகணும்.

...லெட்டர் வந்திருக்கு. அவர் போட்ட மனுவுல நானும் பாப்பாவும் அவர் பேருக்குக் கீழ இருக்கோம். இப்ப அவர் இல்லாம நான் தொடரணும்னா, நான் அவர் மனைவிதான்னு மூலப் பத்திரத்தைக் காட்டணுமாம். ...வரலைன்னா மனுவை மூடிடுவாங்க. மூடினா இங்க இருக்க முடியாது. பாப்பா படிப்பு, என் வேலை, எல்லாம் அத்தோட போச்சு. ...இன்னும் ஒம்பது நாள். ...அஞ்சு நாள்ல வந்துடுமா? அப்ப சரியா இருக்கும். கூரியருக்கு வந்தது நல்ல காரியம் அத்தை, இன்னிக்கே போட்டுடுங்க.

...கூரியர்காரர் என்ன கேக்கறார்? ...எந்தத் தெருவா?

...நானூத்திப் பன்னிரண்டுன்னு போட்டா... போதாதாமா. கூரியர் ஆள் கையில கொண்டாந்து கொடுக்கணுமாம்... ம்... கையெழுத்து வாங்கணுமாம்...

...ஹலோ... லைன் சரியில்ல போல இருக்கு அத்தை... நீங்க பேசறது...

...இல்ல. கேக்குது. நல்லாவே கேக்குது. இன்னிக்கும் அதையேதான் சொல்ல வருது பாருங்க எனக்கு. பாப்பா ஒரு தடவை உங்ககிட்ட, பாட்டி, நானூத்திப் பன்னிரண்டுக்குள்ள என் கைதான் போகும்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு லைன் கட்டாயிடுச்சுன்னேன். அது கட்டாகல. நான்தான் அமுக்கினேன்.

நானூத்திப் பன்னிரண்டு வீடு இல்ல அத்தை.

...பெட்டி. ...தபால் பெட்டி. தபாலாபீஸ்ல ஒரு சுவர் முழுக்க இரும்புப் பெட்டியா இருக்கும், பேங்க் லாக்கர் மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நம்முது கீழேர்ந்து மூணாவது வரிசை.

...ஹலோ? ...ம். இருக்கேன்.

...ஏமாத்தல. ஆபீஸை ஏமாத்தல. படிவத்துலயே ரெண்டு முகவரி கேப்பாங்க. குடியிருக்கிற இடம் ஒண்ணு, தபால் வர வேண்டிய இடம் ஒண்ணு. குடியிருக்கிற இடத்துக்கு உள்ளதைத்தான் எழுதினோம். வந்த வருஷம் மட்டும் நாலு ரூம் மாறினோம். எல்லாத்துலயும் வாசல்ல ஒரே தபால் கூடை, யார் வேணா கையை விட்டு எடுப்பாங்க. மனு எழுதித் தர்றவர்தான் சொன்னார், ரூம் மாறினாலும் பெட்டி மாறாது, தபாலுக்கு அதைப் போடுங்கன்னு. அதுல ஒரு தப்பும் இல்ல. ஆபீஸுக்கு எழுதினது உண்மை. உங்களுக்குச் சொன்னதுதான் பொய்.

...அவர் இல்ல. அவர் மேல போடாதீங்க. நீங்க முதல் தடவை, நானூத்திப் பன்னிரண்டுன்னா பெரிய தெருவாத்தான் இருக்கும், சொந்த வாசல் உண்டாடான்னு கேட்டீங்க. அவர் சிரிச்சுட்டுச் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடிச்சு அமுக்கினேன். வேண்டாம்னு தலையாட்டினேன். அவர் என்னைப் பாத்தார், அப்புறம் உங்ககிட்ட, உண்டும்மான்னார். அன்னிக்கு ராத்திரி... விடுங்க.

...மாடியா? மாடி உண்டு, நம்முது இல்ல. ...அந்தப் பச்சை கேட் போட்டோவா? அது போற வழியில யாரோ வீடு. உள்ளேர்ந்து ஒரு அம்மா எங்களையே பாத்துட்டிருந்தாங்க, அதான் பாப்பா திருதிருன்னு முழிக்கிறா. ...வாஷிங் மெஷின் சத்தமா... அது இப்பவும் ஓடுது, கேக்குதில்ல? நம்ம மெஷின்னு சொன்னேன். கீழ லாண்ட்ரிக் கடை. பன்னிரண்டு மெஷின் ஓடுது. அதுல ஒண்ணுகூட நம்முது இல்ல.

...ஏன்னா... என்ன சொல்றது. நாங்க கிளம்பறப்போ மூத்தவர் வீட்டு அக்கா எல்லார் முன்னாலயும் கேட்டாங்களே, போற இடத்துல வீடா, இல்ல பத்துப் பேரோட பாய் விரிக்கிற இடமான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க விளையாட்டாத்தான் கேட்டிருப்பாங்க. எனக்கு அது உள்ள போய் உக்காந்துடுச்சு. ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் உங்ககிட்ட வீடு கட்டிட்டேன் அத்தை. சமையல் ரூம்ல காலை வெயில் விழும்னுகூட சொன்னேன். எங்க ரூம்ல ஜன்னலே சுவரைப் பாத்துத்தான் இருக்கு.

உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அக்காகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. தெருப் பேரை நீங்களே எழுதி...

...என்ன? ...ஸ்பீக்கர்லயா?

...ஆரம்பத்துலேர்ந்தா? ...அக்கா பக்கத்துலயா நிக்கிறாங்க. ...கூரியர்காரரும் கேட்டுட்டாரா.

...ம்.

...இல்ல. வச்சிட மாட்டேன். வச்சா அது ஒம்பது நாள்ல வராது. ...அக்கா எழுதறாங்களா... சரி. அவங்ககிட்டயே கொடுங்க.

...அக்கா. ...ம். எழுதிக்கோங்க.

வாங்குறவர் பேரு... இல்லக்கா, அவர் பேர் வேண்டாம். என் பேர் போடுங்க. ...ஆமாம். அவர் பேர் போட்டா அவர்தான் கையெழுத்துப் போடணும்பாங்க.

மூணாம் நம்பர் ரூம்... ரூம்தான்க்கா, வீடு இல்ல. மேல்மாடி. பின்பக்கப் படி. ...கதவுல நம்பர் இருக்காது. அதனால, லாண்ட்ரிக் கடைக்குப் பின்பக்கம்னு போடுங்க. ...ல், லா... ஆமாம், துணி வெளுக்கிற கடை. பதினேழு பை ரெண்டு, பிரிட்ஜ் ரோடு. ...பை ரெண்டு. அதை விட்டா முன்பக்கத்துக்குப் போயிடும்.

...இல்லக்கா, மூணு பேர்தான் இருந்தோம். இப்ப ரெண்டு. ...குளியலறை பொதுதான். அஞ்சு ரூமுக்கு ஒண்ணு. ...சிரிக்கிறீங்களா? ...ஓ. ...அழாதீங்கக்கா, எழுத்து கலைஞ்சுடப் போகுது. ...நீங்க அன்னிக்குக் கேட்டது உங்களுக்கு ஞாபகமே இல்லையா. ...ம். பரவாயில்ல. ...பரவாயில்லக்கா, நானும் எனக்குத் தோணினபடியெல்லாம் சொல்லிட்டுத்தானே இருந்தேன். ஒரு தடவை திருப்பிப் படிங்க.

...சரி. ...சரி. ...சரி. எல்லாம் சரியா இருக்கு. ரசீது நம்பரை மட்டும் மெசேஜ்ல போட்டுடுங்க. நாளைலேர்ந்து படியிலேயே உக்காந்திருப்பேன், ஆள் வந்தா தவற விட மாட்டேன்.

...அத்தை வாங்கறாங்களா? ...கொடுங்க.

...ம். சொல்லுங்க அத்தை.

...அது... நான் இன்னும் சொல்லல.

...வாசல்ல இல்ல. ...நானூத்திப் பன்னிரண்டுக்கு முன்னாலதான் விழுந்தார்னு அன்னிக்கு என் வாயில வந்துது. அது உண்மைதான். நீங்க நம்ம வாசல்னு எடுத்துக்கிட்டீங்க. நான் திருத்தல. திருத்த வாய் வரல, நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்கன்னு... ம்... தபாலாபீஸ்ல அத்தை. அந்தப் பெட்டிச் சுவருக்கு முன்னால. சாவியைப் பெட்டியில போட்டுட்டார். திருப்பல.

...திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.

...இல்ல, தனியா இல்ல. அதை நிச்சயமா சொல்றேன், கவுண்டர்ல இருக்கிற அம்மாவையே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க ஓடி வந்து தன்னோட ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்குக் கீழ வச்சாங்களாம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையைப் பிடிச்சுட்டுத் தரையிலயே உக்காந்திருந்தாங்களாம். ...பேசலையாம். ...வலிச்ச மாதிரி தெரியலைன்னாங்க. ...சாவி பெட்டியிலயே தொங்கிட்டிருந்துது. அவங்கதான் எடுத்து வச்சிருந்து எங்கிட்ட கொடுத்தாங்க.

...அதான் போகல. ஏழு வாரம். அந்தத் தரையில நின்னு அந்தச் சாவியைப் போடணுமேன்னு. உங்க கவர் வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்கன்னு சீட்டு உள்ள கிடந்துது. நான் போகாததால கெடு முடிஞ்சு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் என் தப்புதான்.

...முந்தாநாள்தான் போனேன். ...ஆபீஸ் லெட்டர் ஒண்ணு, அந்தச் சீட்டு, அப்புறம் நீங்க அவருக்கு எழுதின கடுதாசி. ...பிரிக்கல. அவர் பேர்ல வந்தது. ...பாப்பாகிட்டயா? சரி. அவளையே பிரிச்சுப் படிக்கச் சொல்றேன்.

...போன்ல காசு முடியப் போகுதா? அப்ப சட்டுனு கேளுங்க.

...இல்ல, சாவி உடையல அத்தை. அவர் பண்ற மாதிரியே பண்ணினேன். கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சு, இடது பக்கமா திருப்பணும். இப்பவும் அப்படித்தான் திறக்குது.