ஊதாப்பூ வைத்த கப்கேக்

எதிர் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்து டீ குடிக்கும் அரை மணி நேரத்துக்கு என்ன விலை தெரியுமா, இன்ஸ்பெக்டர்? ஒரு கப்கேக். ஹாலிஃபாக்ஸ் சந்தையில் துணிக்கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். அதைவிட மலிவாக எதையும் வாங்கியதில்லை.

வியாழன்தோறும் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு கிளெமென்ட் வருவார். கேக் நன்றாக ஆறிய பிறகுதான் பட்டர்கிரீம் வைப்பேன். சூடு இருந்தால் வழிந்துவிடும். விளிம்பில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று கையை எடுக்க வேண்டும்.

"வின்னி கண்ணு, இதைக் கடிக்கவே பாவமா இருக்கே," என்பார். கடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டுவார். மற்ற ஆறு நாளும் நான் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் மகள் ஜூடித், அப்பாவை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துக்கொள்வதாகச் சொன்னாள். என் கணவர் விட்டுப்போன தூக்க மாத்திரைகள் வீட்டில் இருந்தன. பொடித்து ஐசிங் சர்க்கரையோடு கலந்தால் தெரியாது. அந்த ஒரு கேக்கின் மேல் மட்டும் சர்க்கரையில் தோய்த்த ஊதாப்பூ வைப்பேன், மாறிவிடக் கூடாதே. இரண்டு முறை வெள்ளிக்கிழமை விமானம். இரண்டு முறையும் வியாழன் சாயங்காலமே சுருண்டு படுத்துவிட்டார். பயணம் ரத்து. சூப் ஊட்டியது நான்.

மூன்றாம் முறை ஜூடித்தே நேரில் வந்துவிட்டாள். தட்டை நீட்டினேன். கிளெமென்ட் ஊதாப்பூ கேக்கை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"அழகானது விருந்தாளிக்கு."

"அப்பா, வின்னி ஆன்ட்டி உங்களுக்குன்னு பண்ணது."

"நீயே தின்னு. இன்னும் தின்னா எனக்கு ஃபிளைட்டுல ரெண்டு சீட் வாங்கணும்பாங்க."

மேசையில் அவள் கார்ச் சாவி கிடந்தது. மலைப்பாதை வழியாக லீட்ஸ் போக வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் விருந்தாளி வாய்க்குக் கொண்டுபோனதைப் பிடுங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டேன். துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

பள்ளத்தில் கிடந்த காரை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்களாம்.

கிளெமென்ட்டுக்கு இப்போது ஆஸ்திரேலியாவில் யாருமில்லை. பதினொரு வாரம், தினமும் என் வீட்டுக்கு வந்தார். எழுபத்தேழு மாலைகள். எழுபத்தேழிலும் அழுதார், எழுபத்தேழிலும் பக்கத்தில் நான் இருந்தேன். கூட்டிப் பாருங்கள், அவருக்கு நான் ஒரு நாள்கூடப் பாக்கி வைக்கவில்லை.