தொண்டை கட்டச் சொல்லி வந்த போன்

நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போகிற பஸ். மணல் லாரி ஏறி ஒருவர் செத்த வழக்கில் நான்தான் ஒரே சாட்சி. லாரி, ஆளுங்கட்சிப் பிரமுகருடையது. முன் இருக்கையில் எங்கள் அரசு வக்கீலும் அவர் நண்பரும். இதுவரை நான்கு வாய்தாவிலும் வக்கீல் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டணுமாம் வே. மேலேயிருந்து போன் வந்திருக்கு."

"போன மட்டம் என்னது?"

"வயித்துவலி. அதுக்கு முன்னால எல்லாம் காய்ச்சல்."

"தொண்டை கட்டலன்னா?"

"வேற ஆளப் போட்டுருவாங்க. கட்சி குடுத்த பதவிதான வே."

எனக்குள் குளுகுளுவென்றிருந்தது. நான்கு முறையும் கூண்டேறாமல் தப்பித்து, நேரே அல்வாக் கடைக்குப் போன வீரன் நான்.

"அப்போ பேசாம கட்டிக்கிடும்."

"முடியாது வே. செத்தவன் பொண்டாட்டி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, 'இப்ப ஒடம்பு தேவலையா சார்'னு என்னைய விசாரிக்கா. இன்னொரு மட்டம் அதக் கேக்க மாட்டேன். இன்னைக்குச் சாட்சிய விசாரிக்கப் போறேன். பதவி போனாப் போவுது."

"சாட்சி நிப்பானா?"

"ஒரு வாய்தா தவறினதில்ல. நம்மள மாதிரி பயந்தாங்கொள்ளி இல்ல வே அவன்."

"கோர்ட்டெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். வக்கீல் இறங்கினார். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நல்லவேளை, பஸ்ஸை விட்டு இறங்கத் தொண்டை தேவைப்படவில்லை.